பழைய மேசை மின்விசிறி மீண்டும் சுழன்ற கதை

பொத்தானை அழுத்தினால் உறுமல் மட்டும் வரும், இறக்கை அசையாது. குச்சியால் தள்ளிவிட்டால் மெதுவாகச் சுற்றும். இந்த அறிகுறியைக் கண்டதும், மோட்டார் சுழலத் தொடங்க உதவும் கெபாசிட்டர்தான் போய்விட்டது என்று முடிவு கட்டினேன். பழையதன் மேல் அச்சிட்டிருந்த அதே 2.5 மைக்ரோஃபாரட் அளவில் புதிதாக வாங்கி மாற்றினேன். பலன் இல்லை.

பிறகுதான், பிளக்கைப் பிடுங்கிவிட்டு இறக்கையைக் கையால் சுற்றிப் பார்த்தேன். லேசாகச் சுண்டிவிட்டால் பல சுற்றுகள் ஓட வேண்டியது, அரைச் சுற்றிலேயே நின்றது. முதலில் செய்திருக்க வேண்டிய சோதனை இது.

இறக்கையைக் கழற்றுவதில் ஒரு நுணுக்கம் உண்டு. அதைப் பிடித்திருக்கும் மூடிக்குப் பெரும்பாலும் இடப்புரி மரைதான். கடிகார முள் சுற்றும் திசையில் திருப்பினால்தான் கழலும். வழக்கம்போல எதிர்த்திசையில் திருப்பினால் மேலும் இறுகி, பிளாஸ்டிக் விரிசல் விட்டுவிடும்.

உள்ளே, தண்டைச் சுற்றித் தலைமுடி நூல்கண்டுபோல இறுகியிருந்தது. அதனடியில் பழைய எண்ணெய் கறுத்துப் பிசினாகிக் கிடந்தது. முடியைப் பிளேடால் அறுத்து இடுக்கியால் உருவினேன். மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்து, நன்றாக உலரவிட்டு, தண்டின் இரு முனைகளிலும் தையல் இயந்திர எண்ணெய் இரண்டிரண்டு சொட்டு விட்டேன். சமையல் எண்ணெய் வேண்டவே வேண்டாம். அதுவே நாளடைவில் பிசினாகும்.

கையால் சுண்டினேன். ஓசையின்றி நெடுநேரம் ஓடியது. அதன் பிறகே பிளக்கைச் செருகினேன்.