கோதை: பெயர் வைக்கும் முன் களைய வேண்டிய குழப்பங்கள்

கோதை என்ற பெயரைக் கேட்டதும் "ஆண்டாளுடைய சமஸ்கிருதப் பெயர்" என்று சொல்லிவிடுகிறார்கள். முதல் தவறு இதுதான். கோதை தமிழ்ச் சொல். மாலை என்று பொருள், பெண்ணின் கூந்தலையும் குறிக்கும். வடமொழியில் ஆண்டாளைக் 'கோதா' என்பார்கள். வைணவ ஆசாரியர் வேதாந்த தேசிகர் அவள்மீது இயற்றிய 29 பாடல்களின் பெயரே 'கோதாஸ்துதி'. அந்த வழக்குக்கு அதற்குரிய மதிப்பு உண்டு. ஆனால் அதையே மூலமாகக் கொண்டு தமிழ்ப் பெயருக்குப் பொருள் பிரிப்பது சரியல்ல. திருப்பாவையின் கடைசிப் பாசுரத்தில் அவளே "பட்டர்பிரான் கோதை சொன்ன சங்கத் தமிழ்மாலை முப்பதும்" என்கிறாள். மாலை என்று பெயர் கொண்டவள் தன் பாட்டையும் மாலை என்கிறாள். இதைவிட என்ன விளக்கம் வேண்டும்?

அடுத்தது, இது பெண்களுக்கு மட்டுமே உரிய பெயர் என்ற நினைப்பு. ஆண்டாளுக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே சேர மன்னர்கள் கோதை என்ற பெயரைத் தாங்கியிருந்தார்கள். கரூரில் கிடைத்த சங்ககால வெள்ளிக் காசில் அரசனின் முகத்தோடு 'மாக்கோதை' என்று தமிழ் பிராமி என்ற பழைய எழுத்தில் பொறித்திருக்கிறது. புறநானூற்று 48ஆம் பாட்டில் பொய்கையார் சேரமான் கோக்கோதை மார்பனைப் பாடும்போது இந்த ஒரு சொல்லை வைத்தே விளையாடுகிறார்:

"கோதை மார்பிற் கோதை யானும்
கோதையைப் புணர்ந்தோர் கோதை யானும்"

கோதை என்னும் அரசன் மார்பில் கிடக்கும் மாலை, அவனைத் தழுவிய பெண்கள் சூடிய மாலை, அப்புறம் உப்பங்கழியில் பூத்த நெய்தல். இத்தனையாலும் தொண்டிக் கடற்கரையே தேன் மணக்கிறதாம். இன்னொரு சேரமான் மாக்கோதை, மனைவி இறந்தபின்னும் தான் உயிரோடிருப்பதை நினைத்துக் கலங்கிப் பாடியது 245ஆம் பாட்டு. இவ்வளவு இருந்தும் பையனுக்கு இந்தப் பெயரை வைக்க இன்று யாருக்கும் தோன்றாதது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

ஆண்டாள் என்பதுதான் அவளுடைய இயற்பெயர் என்பதும் தவறு. வைணவ மரபுப்படி, பட்டர்பிரான் எனப்படும் வளர்ப்புத் தந்தை பெரியாழ்வார் வைத்த பெயர் கோதை. அரங்கனை ஆண்டவள் என்பதால் ஆண்டாள் ஆனாள்.

பழைய பெயராயிற்றே, தனியாக வைத்தால் சிறியதாகத் தெரியுமே என்று தயங்குபவர்களுக்குப் பூங்கோதை இருக்கிறது, கோதைநாயகி இருக்கிறது. 'ஜகன்மோகினி' இதழை நடத்திய நாவலாசிரியர் வை.மு.கோதைநாயகி அம்மாளின் பெயர் அதுதான். ஆங்கிலத்தில் எழுதும்போது மட்டும் 'கோதா' என்று படிக்கும்படி எழுத்தைக் கூட்டிவிடாதீர்கள். கடைசி 'ஐ' ஒலி காதில் விழ வேண்டும்.