பழைய பாய்மரப் படகா? டேப்பைப் பிரித்துப் பாருங்கள்

பழைய பாய்மரப் படகு வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், ஒரு வேலை முடிவதற்குள் அடுத்தது வந்து நிற்கும். புதுச்சேரி தேங்காய்த்திட்டில் என் படகில் கால் வைக்கும்போதெல்லாம் புதிதாக ஏதாவது கண்ணில் படுகிறது. எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்க்க முடியாது, சரி. ஆனால் பாய்மரத்தைத் தாங்கும் கம்பி வடங்களை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

இந்த வடங்கள் எவர்சில்வர், துருப்பிடிக்காது என்று நம்பிவிடுகிறோம். காற்று படும் வரைக்கும்தான் அது. வடத்தின் மேல் சுற்றிய டேப்புக்குள் உப்புத் தண்ணீர் தேங்கினால், ஆக்சிஜன் கிடைக்காமல் எவர்சில்வரின் பாதுகாப்புப் படலம் சிதைந்து உள்ளுக்குள் அரித்துக்கொண்டே போகும். போன வருடம் டேப்பைப் பிரித்தேன். வடம், அதன் நுனியில் இறுக்கிய உலோக முனைக்குழலுக்குள் நுழையும் இடத்தில் டீக்கறை போல ஒரு பழுப்புக் கோடு. பஞ்சை வைத்து மெதுவாகத் தடவினேன். நார் சிக்கி நின்றது. வடத்தின் பத்தொன்பது கம்பி இழைகளில் ஒன்று அறுந்திருந்தது. ஓர் இழைதானே என்று விடாமல் அந்த வடத்தையே மாற்றிவிட வேண்டும். வெறும் விரலால் தடவாதீர்கள், கிழித்துவிடும்.

ஐப்பசி மழைக்கு முன்பே, புரட்டாசியில் இதைச் செய்துவிடுங்கள். கடலுக்குப் போய்வந்த ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், வாளியில் மொண்டு ஊற்றினாலும் போதும். அப்புறம், படகின் அடியில், மற்ற உலோகங்கள் அரிக்காமலிருக்கத் தான் கரையும் துத்தநாகக் கட்டி இருக்கும்; அது பாதி கரைந்ததுமே மாற்றுங்கள். அதன்மேல் பெயின்ட் மட்டும் படவே கூடாது.