பொதுக் கலை பார்க்க ஊர் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் பினாங்குத் தீவில் உள்ள ஜார்ஜ் டவுனில், அர்மீனியன் தெருச் சுவர் ஒன்றில் இரண்டு குழந்தைகள் சைக்கிளில் போகிறார்கள். குழந்தைகள் ஓவியம், சைக்கிள் நிஜம். லித்துவேனிய ஓவியர் எர்னஸ்ட் சகாரெவிச் 2012இல் ஜார்ஜ் டவுன் திருவிழாவுக்காக வரைந்தது. தங்கள் ஊரிலும் இப்படி ஒன்று செய்யலாம் என்ற எண்ணத்தோடு பொறியாளர்களும் கட்டடக்கலை மாணவர்களும் ஓவியர்களும் குடியிருப்போர் சங்கத்தாரும் அங்கே போகிறார்கள். போவது நல்லது. ஆனால் அந்தச் சுவரின் முன் வரிசையில் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பினால், ஊரில் உதவக்கூடிய எதுவும் கையில் இருக்காது.

கதையைப் பின்பக்கத்திலிருந்து படிப்பது

அடிக்கடி காதில் விழும் பேச்சு: "ஓவியம் வரைந்தார்கள், பழைய ஊர் பிழைத்துக்கொண்டது." ஜார்ஜ் டவுனில் நடந்த வரிசை வேறு. அங்கே பல பத்தாண்டுகளாக இருந்த வாடகைக் கட்டுப்பாடு 2000 ஜனவரி 1 முதல் நீங்கியது. வாடகை ஏறியது, பழைய குடித்தனக்காரர்கள் பலர் வெளியேறினார்கள், கீழே கடையும் மேலே வீடுமான கடைவீடுகள் பூட்டிக் கிடந்தன. 2008இல் மலாக்காவோடு சேர்த்து யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் இடம் கிடைத்தது. அதையடுத்து மாநில அரசின் போட்டியில் தேர்வான இரும்புக் கம்பிக் கேலிச்சித்திரங்கள் தெருமுனைகளில் ஏறின. மொத்தம் 52. ஒவ்வொன்றும் அந்தத் தெருவின் தொழிலையோ பெயரையோ சொல்வது. சைக்கிள் குழந்தைகள் வந்தது இவை ஏறத் தொடங்கிய பிறகுதான். சுவரோவியம் பலரை இழுத்தது உண்மை. ஆனால் இழுப்பதற்கு அங்கே ஏற்கெனவே கடைவீடுகளும் கோயிலும் பள்ளிவாசலும் சாப்பாட்டுக் கடைகளும் நடந்து போகும் தூரத்தில் இருந்தன. அவை இல்லாத புறவழிச்சாலைச் சுவரில் அதே படத்தை வரைந்தால் வாகன ஓட்டிகள் கடந்து போவார்கள், அவ்வளவுதான்.

ஆகவே எந்த ஊருக்குப் போகுமுன்னும் அதன் கடைசி இருபது ஆண்டுகளை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். சட்டம், வாடகை, சாலைப்பணி, இடமாற்றம், திருவிழா, எல்லாமும். சென்னை பாண்டி பஜாரே நல்ல எடுத்துக்காட்டு. 2019 நவம்பரில் திறந்த அகலமான நடைபாதையை மட்டும் பார்த்தால் பாதிதான் தெரியும். நடைபாதைக் கடைக்காரர்களை 2013இலேயே மாநகராட்சி கட்டிய வணிக வளாகத்துக்கு மாற்றிவிட்டார்கள். அந்த முன்கதை தெரியாமல், கடைகள் நெருக்கும் தெருவில் அதே வரைபடத்தை விரித்தால் வேலை முதல் வாரத்திலேயே நிற்கும். தெருவோர வியாபாரிகள் சட்டம் 2014இன்படி நகர விற்பனைக் குழுவைக் கேட்காமல் அவர்களை அப்புறப்படுத்தவும் முடியாது.

படத்தைப் பார்த்து, சுவரைப் பார்க்காமல் வருவது

இதுதான் அதிகப் பணத்தை வீணாக்கும் தவறு. எந்த ஓவியத்தின் முன்னும் முதலில் தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரம் வரை பாருங்கள். நிலத்தடி ஈரம் செங்கல் வழியே ஏறும் உயரம் ஏறக்குறைய அதுதான். அங்கே பெயின்ட் உப்பியிருக்கிறதா, வெள்ளை உப்புப் படிந்திருக்கிறதா, செதிலாக உதிர்கிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். ஜார்ஜ் டவுனின் பழைய கடைவீடுகள் செங்கல்லும் சுண்ணாம்புப் பூச்சும் கொண்டவை. சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும். அதன் மேல் அக்ரிலிக் எமல்ஷன் அடித்தால் ஈரம் உள்ளேயே அடைபடும். கூடவே வரும் உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகி, பெயின்டைப் பூச்சோடு சேர்த்துத் தள்ளிவிடும். காரைக்குடி, புதுச்சேரி, தஞ்சாவூர் போன்ற ஊர்களில் பழைய வீட்டுச் சுவர்களைத் தேடுகிறவர்களுக்கும் இதே சிக்கல் காத்திருக்கிறது. அத்தகைய சுவருக்குச் சுண்ணாம்புக் கலவை நிறங்களோ சிலிகேட் பெயின்டோதான் பொருத்தம்.

புதிய சிமென்ட் பூச்சு என்றால் ஆபத்து வேறு. பூசி 28 நாளாவது ஆகாமல், காரத்தைத் தாங்கும் பிரைமர் போடாமல் வரைந்தால் நிறம் திட்டுத்திட்டாக வெளுக்கும். ஊர் திரும்பியதும் உங்கள் சுவரில் ஒரு சோதனை செய்யலாம். ஓரடிக்கு ஓரடி பாலிதீன் தாளை நாலு பக்கமும் காற்றுப் புகாமல் டேப் போட்டு ஒட்டி, 24 மணி நேரம் விடுங்கள். பிரிக்கும்போது உட்புறம் நீர் முத்துமுத்தாக நின்றால் அந்தச் சுவர் இன்னும் தயாராகவில்லை. ஈரம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கும் வரை ஓவியரை அழைக்க வேண்டாம்.

அடுத்தது திசை. கைபேசியில் உள்ள திசைகாட்டியே போதும். மேற்குச் சுவர் பிற்பகல் வெயிலை முழுக்க வாங்கும். அதில் முதலில் போவது ஒளிரும் நிறங்கள், பிறகு பளிச்சென்ற இளஞ்சிவப்பும் சில மஞ்சள்களும். காவி, மஞ்சட்காவி போன்ற இரும்பு ஆக்சைடு நிறங்கள் நீண்டநாள் நிற்கும். ஐந்து ஆண்டுக்கு முந்தைய ஓவியம் கிடைத்தால் புதிதை விட்டுவிட்டு அதன் முன் அதிக நேரம் நில்லுங்கள். எந்த நிறம் தாங்கியது, மேலே மழை மறைப்பு உண்டா, ஏசி குழாயின் ஒழுக்கு எங்கே கோடு போட்டிருக்கிறது, மக்கள் கைபட்டுத் தேய்ந்த இடம் எது என்பதெல்லாம் அங்கேதான் தெரியும். சைக்கிள் போன்ற பொருளைச் சுவரோடு பொருத்தினால் ஆட்கள் ஏறி உட்காரத்தான் செய்வார்கள். பிடிமானப் போல்ட்டுகளைப் பெரியவர் ஒருவரின் எடைக்கே கணக்கிட வேண்டும்.

தில்லி லோதி காலனியில் 2015 முதல் வரைந்த ஓவியங்கள் ஒன்றுக்கொன்று இசைந்து தெரிவதற்குச் சுவர்களும் காரணம். 1940களில் கட்டிய அரசு ஊழியர் குடியிருப்பு அது. ஒரே அளவு, வளைவு வாசல்கள், அகன்ற நடைபாதை, நிழல் தரும் மரங்கள். பார்ப்பவர் நின்று பார்க்கத் தேவையான தூரம் தெருவிலேயே இருக்கிறது. பன்னிரண்டு மீட்டர் உயரச் சுவர் உங்கள் ஊரில் மூன்று மீட்டர் சந்துக்குள் இருந்தால், எவ்வளவு நல்ல ஓவியமும் கழுத்தை வலிக்க வைக்கும்.

காலையில் போய், காலையோடு திரும்புவது

பொதுவெளி வேளைக்கு ஒன்றாக மாறும். ஜார்ஜ் டவுனில் கடைகளின் முன்னால் ஓடும் கூரையிட்ட நடைபாதையை உள்ளூர்த் தமிழர் அஞ்சடி என்பார்கள். 1822இல் பிரிட்டிஷ் அதிகாரி ராஃபிள்ஸ் சிங்கப்பூருக்கு வகுத்த நகரத் திட்ட விதியிலிருந்து இந்தப் பகுதிகளில் பரவிய அமைப்பு. நிலம் கட்டட உரிமையாளருடையது, நடக்கும் உரிமை எல்லோருடையது. பொதுவெளியைப் பகிர்வது பற்றிப் படிக்க எந்த ஓவியத்தையும் விட இது பெரிய பாடம் என்பது எங்கள் எண்ணம். கடை திறக்குமுன் பார்த்தால் நீளமான நிழல் நடை. கடை திறந்தபின் சரக்குப் பெட்டி, மோட்டார் சைக்கிள், சாப்பாட்டு மேசை. வீட்டுக்கு வீடு தரைமட்டம் ஏறி இறங்குவதால் சக்கர நாற்காலி வீதிக்கு இறங்க வேண்டியிருக்கிறது. மழை வந்தால் அத்தனை பேரும் இதற்குள்தான். ஒரே வேளை போனவர் இதில் ஒரு பகுதியைத்தான் பார்த்திருப்பார்.

ஒரு வேலைநாளும் ஒரு ஞாயிறும் போங்கள். காலை 7, 11, பிற்பகல் 2, மாலை 6, இரவு 9. ஒவ்வொரு வேளையும் ஓர் இடத்தில் நின்று 10 நிமிடம் கடந்து போகிறவர்களை எண்ணி, ஆறால் பெருக்குங்கள். மணிக்கு எத்தனை பேர் என்று கிடைக்கும். பெண்கள், குழந்தைகள், முதியவர்களைத் தனித்தனியாக எண்ணுவது முக்கியம். இரவு ஒன்பதுக்குப் பெண்கள் எண்ணிக்கை சட்டென்று விழுந்தால், விளக்கையும் திறந்திருக்கும் கடைகளையும் பார்க்க வேண்டும். பிறகு உட்கார்ந்திருப்பவர்களை வரைபடத்தில் புள்ளியாக வையுங்கள். பெரும்பாலும் போட்ட பெஞ்சில் அல்ல, மர நிழலிலும் கடைப்படியிலும்தான் புள்ளிகள் குவியும்.

கொச்சி–முசிறிஸ் பினாலே என்ற கலைத் திருவிழா நடக்கும் டிசம்பர் முதல் மார்ச் வரையான மாதங்களில் மட்டும் ஃபோர்ட் கொச்சியைப் பார்ப்பதும் இதே தவறுதான். திருவிழா முடிந்தபின் எது மிச்சமிருக்கிறது என்று ஜூன் மழையில் ஒருமுறை பாருங்கள்.

அளவு நாடா இல்லாமல் போவது

ஐந்து மீட்டர் டேப் ஒன்று பையில் இருக்கட்டும். சாலைத் தரங்களை வகுக்கும் இந்தியச் சாலை மாநாட்டின் நடைபாதை வழிகாட்டியின் (ஐஆர்சி 103) 2012 பதிப்பு, தடையில்லாத நடைவெளி குறைந்தது 1.8 மீட்டர், ஓரக்கல் உயரம் 150 மி.மீட்டருக்கு மேற்படாமல் என்கிறது. நீங்கள் ரசித்த தெருவில் மின்பெட்டி, மரத்தொட்டி, பலகை எல்லாம் கழித்து உண்மையில் எவ்வளவு மிஞ்சுகிறது என்று அளந்து பாருங்கள். தடுப்புக் கம்பங்களுக்கு இடையே சக்கர நாற்காலி நுழைய 90 செ.மீ.யாவது வேண்டும். வசதியான இருக்கை 40 முதல் 45 செ.மீ. உயரம்.

குடியிருப்பைக் கண்காட்சியாக நினைப்பது

சென்னை கண்ணகி நகரில் அடுக்குமாடிச் சுவர்களில் 2020 முதல் பெரிய ஓவியங்கள் இருக்கின்றன. நகரின் குடிசைப் பகுதிகளிலிருந்து அகற்றப்பட்டவர்களும் 2004 சுனாமியில் வீடிழந்தவர்களும் வாழும் இடம் அது. அங்கே கேமராவோடு போகிறவர் முதலில் கேட்க வேண்டியது, ஓவியத்துக்குப் பின்னால் இருப்பவர்களுக்கு அதனால் என்ன ஆயிற்று என்பது. தண்ணீர், பேருந்து, வேலைக்குப் போகும் தூரம் இவற்றைப் பற்றிப் பேசாத குறிப்பு அரைகுறை. காயப்போட்ட துணியும் திறந்த கதவும் யாருடைய வீடோ. கேட்காமல் படம் எடுக்காதீர்கள், குழந்தைகளைப் பெற்றோர் சம்மதமின்றி எடுக்கவே வேண்டாம். கூட்டமாகப் போகாமல் மூன்று நான்கு பேராகப் போனால் பேச்சும் வரும்.

ஒப்பந்தத்தைக் கேட்காமல் வருவது

ஓவியரைப் பார்த்தால் பாணியைப் பற்றியே கேட்கிறோம். கேட்க வேண்டியது: சுவர் உரிமையாளர் எழுத்தில் அனுமதி கொடுத்தாரா, எத்தனை ஆண்டுக்கு? சாரத்துக்கும் பெயின்டுக்கும் யார் பணம்? மங்கினால் திருத்துவது யார் பொறுப்பு, அதற்குத் தனி நிதி உண்டா? கட்டடம் இடிபட்டால்?

கடைசிக் கேள்விக்கு இந்தியாவில் சட்டப் பின்னணி இருக்கிறது. தில்லி விஞ்ஞான் பவனிலிருந்து தன் வெண்கலச் சுவர்ச்சிற்பத்தைச் சிதைத்து அகற்றியதற்காகச் சிற்பி அமர்நாத் சேகல் தொடர்ந்த வழக்கில், 2005இல் தில்லி உயர் நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்து 5 லட்சம் ரூபாய் இழப்பீடும் வழங்கியது. அடிப்படை, படைப்பைச் சிதைப்பதை எதிர்க்கப் படைப்பாளிக்கு உரிமை தரும் பதிப்புரிமைச் சட்டத்தின் 57ஆம் பிரிவு. அதே சட்டத்தின் 52ஆம் பிரிவு, பொது இடத்தில் நிரந்தரமாக உள்ள சிற்பத்தைப் படமெடுத்து வெளியிட விலக்கு தருகிறது. ஓவியத்தை அந்த விலக்கில் சேர்க்கவில்லை. ஆகவே சுவரோவியப் படங்களை அறிக்கையிலோ கண்காட்சியிலோ அச்சிடுவதற்கு முன் ஓவியரிடம் எழுத்தில் அனுமதி வாங்கி, படத்தின் கீழே அவர் பெயரையும் ஆண்டையும் போடுங்கள்.