பிள்ளைகளோடு சிங்கப்பூர் போகிறவர்கள் முதலில் அமாவாசையைப் பாருங்கள்

சிங்கப்பூரில் பிறந்து வேறு நாட்டில் குடியேறிய நம்மவர்களுக்காக இதை எழுதுகிறேன். கோடை விடுமுறையில் பிள்ளைகளுக்கு நாம் வளர்ந்த மண்ணையும் கடலையும் காட்டவேண்டும் என்ற ஆசை எல்லோருக்கும் இருக்கிறது. எனக்கும் இருந்தது. லண்டனில் பிறந்த என் மகளுக்கு ஆறு வயது. சாங்கிக் கடற்கரையில் கடல் வற்றும்போது மணலில் என்ன கிடக்கும் என்று ஓராண்டாக அவளுக்குக் கதை சொல்லி வந்தேன்.

சிறுவனாக இருந்தபோது அப்பா என்னை அங்கே அழைத்துப் போவார். கப்பல் பட்டறை வேலை. ஓய்வு நாளிலும் விடியுமுன் எழுந்துவிடுவார். ஈர மணலிலிருந்து சாண்ட் டாலர் என்ற கடலுயிர் ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் கவிழ்த்து வைப்பார். பார்த்தால் தட்டையான ஒரு வில்லை, அவ்வளவுதான். சிறிது நேரம் அசையாமல் இருந்தால் அதன் அடியில் உள்ள மெல்லிய முட்கள் ஒவ்வொன்றாக நகர்வது தோலில் தெரியும். "உயிர் இருக்கிறது பார்" என்பார். பிறகு எடுத்த இடத்திலேயே வைத்துவிடச் சொல்வார்.

இதைப் பார்க்க நினைப்பவர்கள் நாள் குறித்துக்கொண்டுதான் போகவேண்டும். அமாவாசையிலும் பௌர்ணமியிலும் சூரியன், சந்திரன், பூமி மூன்றும் ஒரே கோட்டில் வருவதால் கடல் மிக உயரமாக ஏறி, மிகத் தாழ இறங்குகிறது. ஜூன், ஜூலை மாதங்களில் அந்த ஆழமான வற்றம் பெரும்பாலும் விடியற்காலையில் வருகிறது. கடல் ஏறி இறங்கும் நேரத்தையும் அளவையும் சொல்லும் ஓத அட்டவணையில் 0.5 மீட்டரோ அதற்குக் கீழோ இருக்கும் நாளைத் தேர்ந்தெடுங்கள்.

நான் தேர்ந்தெடுத்த நாள் ஆடி அமாவாசை. லண்டனுக்குத் திரும்புவதற்கு முந்தைய நாள். அட்டவணையைப் பார்த்தவன் பஞ்சாங்கத்தைப் பார்க்கவில்லை.

சித்தப்பா தொலைபேசியில் சொன்னது ஒரே வாக்கியம்: "இந்த வருஷமாவது நீயே வந்து அப்பாவுக்குத் தர்ப்பணம் கொடு." கடலுக்குப் போகவேண்டும் என்றேன். கடல் எங்கே ஓடிவிடப் போகிறது என்றார். அன்று காலை அது ஓடித்தான் போனது. ஏழு மணிக்குள் முடிந்துவிடும் என்று நம்பி ஐந்தரைக்கே கோயிலில் நின்றோம். வரிசை வெளிவாசல் வரை இருந்தது. எங்கள் முறை வந்தபோது எட்டரை. மகள் கடற்கரைக்கென்று வாங்கிய காலணியைப் பையில் வைத்துக்கொண்டு, "இப்போது தண்ணீர் எங்கே இருக்கும்?" என்று கால் மணிக்கு ஒருமுறை கேட்டாள். அதோடும் விடவில்லை. வீட்டில் படையல், பதினோரு வகைக் காய்கறி, வந்திருந்த உறவினர் ஒவ்வொருவரிடமும் குசலம். எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. சமையலறையில் வைத்து, ஒரு குழந்தையின் ஆசையைவிடச் சடங்கு பெரிதா என்று சித்தப்பாவிடம் கேட்டேவிட்டேன்.

அவர் குரலை உயர்த்தவில்லை. "ஆறு வருஷமாக உன் அப்பாவுக்கு நான்தான் எள்ளும் தண்ணீரும் இறைக்கிறேன். எனக்கு முழங்கால் மடங்கவில்லையப்பா" என்றார். அதற்கு மேல் நான் என்ன பேசுவது?

சாங்கி போய்ச் சேர்ந்தபோது மதியம். அலை படிக்கட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது.

ஆகவே, அமாவாசையைக் குடும்பத்துக்குக் கொடுத்துவிடுங்கள். கடல் மிகத் தாழ்வது பல சமயம் அமாவாசைக்கு ஓரிரு நாள் கழித்துத்தான். நேரமும் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். அந்த இரண்டு நாட்களைப் பிள்ளைகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். கல்மீன் முள் குத்தினால் வலி தாங்கமுடியாது, எனவே மூடிய காலணி இல்லாமல் இறங்கவிடாதீர்கள். எதையும் வீட்டுக்கு எடுத்துவர விடாதீர்கள். கூட்டம் கூட்டமாக வந்து வாளியில் அள்ளிப்போகிறவர்களைக் கண்டால் வயிறு எரிகிறது. இந்த மாதங்களில் சுமத்ரா சூறைக்காற்று விடியலில் திடீரென்று இடி மின்னலோடு வரும். அப்போது மணல்வெளியில் ஒரு நொடியும் நிற்கக்கூடாது.

புலாவ் உபின் தீவில் உள்ள செக் ஜாவா கடற்கரைக்கும் போகலாம். சாங்கித் துறையில் 12 பேர் சேர்ந்தால்தான் படகு புறப்படும். காலைத் தூக்கத்திலிருந்து எழுப்பிய பிள்ளையோடு காத்திருப்பது எளிதல்ல. அங்கே மணலில் இறங்காமல் நடைபாலத்தில் நின்றே பார்க்கலாம். 2001 கடைசியில் அந்தக் கரையை மண்ணிட்டு நிரப்பும் திட்டத்தை அரசு ஒத்திவைத்ததால்தான் இன்று அது இருக்கிறது. சுங்கை பூலோ சதுப்புநிலத்தில் வலசைப் பறவைகளைத் தேடாதீர்கள், அவை வருவது பெரும்பாலும் செப்டம்பரிலிருந்துதான். சேற்றில் தாவும் மீன்களும் உடும்புகளும் எப்போதும் உண்டு, முதலையும் உண்டு. சின்னஞ்சிறு பிள்ளைகளுக்குப் பூமலை என்று நாம் சொல்லும் தாவரவியல் பூங்காவில் உள்ள ஜேக்கப் பாலாஸ் சிறுவர் தோட்டம் போதும். கட்டணம் கிடையாது.

பீஷான்-அங் மோ கியோ பூங்காவைத் தவறவிடாதீர்கள். என் சிறுவயதில் அங்கே காலாங் ஆறு சிமெண்ட் வாய்க்காலாக ஓடியது. 2012இல் அதைப் புல்லும் கல்லும் கொண்ட ஆறாக மாற்றிவிட்டார்கள். நீர்நாய்கள் குடும்பமாக வருகின்றன. எதற்கும் உணவு போடாதீர்கள். 2020 முதல் காட்டுயிர்களுக்கு உணவளிப்பது குற்றம், முதல் முறையே 5,000 வெள்ளி வரை அபராதம். அதனால்தான் படையல் அன்று காகத்துக்கு வைக்கவேண்டிய பிடிச் சோற்றை சித்தப்பா அப்பாவின் படத்துக்கு முன்பே வைத்துவிட்டார். காகம் ஏன் வரவில்லை என்று மகள் கேட்டபோது அவரே பொறுமையாக விளக்கினார்.

மறுநாள் காலை ஆறரை மணிக்கு விமான நிலையத்தில் உட்கார்ந்திருந்தோம். ஓடுபாதைக்கு அந்தப் பக்கம், காரில் சில நிமிடத் தூரத்தில், கடல் முந்தைய நாளைவிடத் தாழ இறங்கியிருந்தது. மகளிடம் அதைச் சொல்லவில்லை. அடுத்த ஆடிக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். திரும்பும் நாள் அமாவாசைக்கு நான்காம் நாள்.