நெக்ஸ்டைக் கைவிட உதவும் பெர்ல் நூலகத்தை டெபியனுக்குப் பொதியாக்கும் முறை

பெர்ல் நிரலாக்க மொழியில் ஒரு வகுப்புக்குப் (கிளாஸ்) பல பெற்றோர் வகுப்புகள் இருக்கும்போது, அடுத்து எதனுடைய மெத்தடை (வகுப்பின் செயற்கூறை) அழைப்பது என்பதை முன்பு நெக்ஸ்ட் என்னும் மாட்யூல் (நிரல் நூலகம்) தீர்மானித்தது. மெதுவான அந்த வழிக்கு மாற்றாக, 2007 டிசம்பரில் வெளியான பெர்ல் 5.10, சி3 வரிசையை (பெற்றோர் வகுப்புகளில் மெத்தடைத் தேடும் ஓர் ஒழுங்கை) மொழிக்குள்ளேயே கொண்டுவந்தது. பழைய நிரலை ஒரே மூச்சில் திருத்த இயலாதவர்களுக்காக அமைந்ததுதான் கிளாஸ்::சி3::அடாப்ட்::நெக்ஸ்ட். அது பழைய அழைப்புகளை ஏற்று சி3 வழியில் செலுத்துவதோடு, நெக்ஸ்டைப் பயன்படுத்தும் வகுப்பு ஒவ்வொன்றுக்கும் ஒரு முறை எச்சரிக்கை தருகிறது. டெபியன் என்னும் லினக்ஸ் இயங்குதளத்தில் ஏற்கெனவே பொதியாக (நிறுவத் தயாரான மென்பொருள் கட்டாக) உள்ள அதையே இங்கு எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

முதலில் டிஎச்-மேக்-பெர்ல் கருவியிடம் மாட்யூலின் பெயரைக் கொடுத்தால், அது சிபேன் என்னும் பெர்ல் மாட்யூல் களஞ்சியத்திலிருந்து மூலநிரலை இறக்கி, டெபியன் என்ற கோப்புறையையும் அதற்குள் வேண்டிய கோப்புகளையும் உருவாக்கித் தரும். பெயரிடும் மரபுப்படி பொதியின் பெயர் லிப்கிளாஸ்-சி3-அடாப்ட்-நெக்ஸ்ட்-பெர்ல் என்று அமையும். கருவி எழுதித் தருவதை முதல் வரைவாக மட்டுமே கருத வேண்டும்.

அதிகக் கவனம் கேட்பது, பொதியின் விவரங்களையும் சார்புகளையும் (அதற்குத் தேவையான பிற பொதிகளையும்) கூறும் கண்ட்ரோல் கோப்பு. இந்நூலகம் முழுக்க பெர்லில் எழுதப்பட்டதாகையால் ஆர்க்கிடெக்சர் வரியில் 'ஆல்' (எல்லாக் கணினி வகைகளுக்கும்) என்று குறிக்க வேண்டும். சோதனைகளுக்கு மட்டும் தேவைப்படும் மாட்யூல்களை பில்ட்-டிபெண்ட்ஸ்-இண்டெப் பகுதியில் (பொதியைக் கட்டும்போது மட்டும் தேவையானவை) சேர்க்க வேண்டும். சி3 வசதியைப் பழைய பெர்லிலும் தரும் லிப்எம்ஆர்ஓ-கம்பாட்-பெர்ல் பொதி ஓடும் நேரத்துக்கும் தேவை என்பதால் டிபெண்ட்ஸ் வரியிலும் இடம்பெற வேண்டும். சி3 வரிசை அமையாத வகுப்புகளில் இந்நூலகம் பழைய நெக்ஸ்ட் நடத்தைக்கே திரும்புவதால் நெக்ஸ்டும் வேண்டும்; ஆனால் அது பெர்லுடனேயே வருவதால் தனிச் சார்பு எழுதத் தேவையில்லை. விளக்கப் பகுதியில், இது இடைக்கால உதவி என்பதையும் புதிய நிரலுக்கு உரியதன்று என்பதையும் வெளிப்படையாக எழுதுங்கள். பொதியைத் தேடி வருபவர் முதலில் படிப்பது அதைத்தான். எச்சரிக்கை தொந்தரவாக இருக்கிறதென்று அதை அடக்கும் ஒட்டு (மூலநிரலை மாற்றும் பேட்ச்) எதையும் சேர்க்காதீர்கள், ஏனெனில் அந்த எச்சரிக்கைக்காகவே இந்நூலகம் இருக்கிறது.

பொதியைக் கட்டும் கட்டளைகள் உள்ள ரூல்ஸ் கோப்புக்கு மூன்று வரிகள் போதும். காப்பிரைட் கோப்பில், பெர்லின் அதே உரிமம் என்று ஆசிரியர் எழுதியிருந்தால், அதை ஆர்ட்டிஸ்டிக் அல்லது ஜிபிஎல் 1-உம் அதற்குப் பிந்தியதும் என்று பிரித்துக் குறிக்க வேண்டும்.

கட்டமைப்பை உங்கள் கணினியில் நேரடியாகச் செய்யாமல், எஸ்பில்ட் என்னும் கருவி வழியாகத் தூய்மையான சூழலில் செய்யுங்கள். நீங்கள் எப்போதோ நிறுவி மறந்த ஒரு மாட்யூல், விடுபட்ட சார்பை மறைத்துவிடும். சோதனைகள் எல்லாம் தேறும், பயனரிடம் மட்டும் பொதி ஓடாது. பிறகு பொதியில் உள்ள பிழைகளைத் தேடும் லிண்டியன் கருவியை ஓட்டி அது காட்டும் குறைகளைத் திருத்துங்கள். கண்ட்ரோல் கோப்பின் டெஸ்ட்சூட் வரியில் ஆட்டோபிகேஜிடெஸ்ட்-பிகேஜி-பெர்ல் என்று சேர்த்துவிட்டால், நிறுவப்பட்ட பொதியின் மீதும் சோதனைகள் ஓடும்.