ஹவுசிங் கடிதம் வாசிக்க முடியாவிட்டால் வாய் திறந்து கேளுங்கள்

கனடாவின் ஒன்ராறியோவில் நம்மவர்கள் 'ஹவுசிங்' என்று சொல்லும் மானிய வீட்டில் வாடகை பொதுவாக வருமானத்தில் 30 வீதத்தை ஒட்டி இருக்கும், அதனால்தான் வருடக்கணக்கில் வரிசையில் காத்திருக்கிறோம். ஆனால் விண்ணப்பம் போட்ட நாளிலிருந்தே எல்லாம் கடிதத்திலும் தொலைபேசியிலும்தான் நடக்கும். வீடு கிடைத்த பிறகும் வருடா வருடம் வருமான விபரம் கேட்டுக் கடிதம் வரும், பதில் போகாவிட்டால் மானியமே பறிபோகலாம்.

எங்கள் அம்மாவுக்கு நீரிழிவால் பார்வை மங்கிவிட்டது. வருகிற கடிதத்தையெல்லாம் லாச்சிக்குள் போட்டு வைப்பார், சனிக்கிழமை நான் போய்த்தான் பிரிப்பேன். ஒருமுறை திகதி தாண்டிவிட்டது. அலுவலகத்துக்கு ஓடினால், "நாங்கள் அனுப்பினோமே" என்றார்கள். நாங்களும் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தோம். கேட்டிருக்க வேண்டியது மன்னிப்பு இல்லை, பெரிய எழுத்தில் கடிதம்.

இங்கே மாற்றுத்திறனாளிகளுக்கான 2005ஆம் ஆண்டின் அணுகல்தன்மைச் சட்டமும் அதன் விதிகளும் இருக்கின்றன. மாற்றுத்திறனாளி ஒருவர் கேட்டால், அவருக்கு ஏற்ற வடிவத்தில் தகவலைத் தர வேண்டும். இழுத்தடிக்கக் கூடாது, மற்றவர்களிடம் வாங்குவதைவிட ஒரு சதமும் கூட வாங்கக் கூடாது, எது சரிவரும் என்று உங்களிடமும் கேட்க வேண்டும். பெரிய எழுத்து, பிரெய்ல், ஒலிப்பதிவு, கணினி வாசித்துக் காட்டக்கூடிய மின்னஞ்சல், நினைவாற்றல் குறைந்தவருக்கு எளிய மொழியில் விளக்கம், எதையும் கேட்கலாம். கேட்டால்தான் கிடைக்கும், அதுதான் விஷயம்.

காது கேளாதவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. அலுவலகம் சைகைமொழி உரைபெயர்ப்பாளரை ஒழுங்கு செய்தால், வருபவர் பெரும்பாலும் அமெரிக்கச் சைகைமொழிக்காரர். யாழ்ப்பாணத்திலோ சென்னையிலோ கைப்பழக்கமான சைகை வேறு. ஆகவே "எனக்கு அந்தச் சைகை தெரியாது" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். காது கேளாத உரைபெயர்ப்பாளர்களும் இருக்கிறார்கள், இப்படிப்பட்ட இடத்தில் அவர்கள்தான் உதவுவார்கள். தயவுசெய்து பத்து வயதுப் பிள்ளையைக் கூட்டிப்போய் வாடகை நிலுவை பற்றிப் பேச வைக்காதீர்கள்.

தமிழ் மொழிபெயர்ப்பு வேறு, இது வேறு. ஆங்கிலம் தெரியாதது இயலாமை இல்லை, அதற்கு இந்தச் சட்டத்தைக் காட்ட முடியாது. 211 என்ற உதவித் தொலைபேசி எண்ணுக்கு அழைத்து 'தமிழ்' என்றால் உரைபெயர்ப்பாளரை இணைத்து, அருகில் என்ன உதவி இருக்கிறது என்று சொல்வார்கள். இரண்டும் தேவையானால் இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள்.

வாயால் சொன்னதோடு விடாமல் மின்னஞ்சலில் எழுதுங்கள். "எனக்கு 18 புள்ளி (point) அளவு எழுத்தில் கடிதம் வேண்டும், இனி வரும் எல்லாக் கடிதமும் அப்படியே" என்று இரண்டு வரி போதும். நோயின் பெயரைப் பொதுவாகச் சொல்லத் தேவையில்லை. டொக்டர் கடிதம் கேட்டாலும், என்ன செய்ய முடியவில்லை, என்ன தேவை என்று இருந்தால் போதும். அந்த மின்னஞ்சலை அழிக்காதீர்கள். மறுத்தால் ஒன்ராறியோ மனித உரிமைத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம், சம்பவம் நடந்து 1 வருடத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும், அதற்கு இலவச சட்ட உதவியும் இருக்கிறது.