கெர்னல் நினைவகப் பாதுகாப்பைச் சோதிப்பது எப்படி: லினக்ஸ், கியூஎமு, எல்கேடிடிஎம்

லினக்ஸின் மையப்பகுதியான கெர்னல் தன்னுடைய கோட் பகுதியை யாரும் மாற்ற முடியாதபடி பூட்டி வைக்கிறது. டேட்டா இருக்கும் பேஜ்களிலிருந்து (நினைவகத்தின் சிறு துண்டுகளிலிருந்து) எதையும் இயக்க விடுவதில்லை. யூசர் புரோகிராமின் நினைவகத்தைக் கெர்னலே தவறுதலாகத் தொட்டாலும் சிபியு தடுத்துவிடுகிறது. ஆவணங்கள் இப்படித்தான் சொல்கின்றன. உங்கள் கணினியில் ஓடும் கெர்னலில் அந்தப் பூட்டு உண்மையிலேயே விழுந்திருக்கிறதா என்று அறிய, இழுத்துத்தான் பார்க்க வேண்டும்.

அப்படி இழுத்துப் பார்ப்பதற்கான கருவி லினக்ஸ் மூலக்கோடிலேயே இருக்கிறது. அதன் பெயர் எல்கேடிடிஎம். கெர்னலுக்குள் வேண்டுமென்றே ஒரு தவறைச் செய்துவிட்டு, அந்தத் தவறு பிடிபடுகிறதா என்று பார்ப்பதே அதன் வேலை. இதை அன்றாடம் பயன்படுத்தும் கணினியில் ஓட்டவே கூடாது. கியூஎமு மெய்நிகர் கணினிக்குள்தான் ஓட்ட வேண்டும்.

ஒரு குறிப்பு: கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் இங்கே ஒலிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறோம். டெர்மினலில் வழக்கம்போல ஆங்கில எழுத்துகளில் தட்டச்சு செய்யுங்கள். அடிக்கோடு, சாய்கோடு, கழித்தல் குறி எல்லாம் உள்ளபடியே.

தேவையானவை

டெபியன் அல்லது உபுண்டு ஓடும் 64 பிட் கணினி, சுமார் 10 ஜிபி காலி இடம், லினக்ஸ் கெர்னலின் மூலக்கோட். ஜிசிசி, மேக், ஃப்ளெக்ஸ், பைசன், பிசி, லிப்எல்ஃப் மற்றும் ஓப்பன்எஸ்எஸ்எல் டெவலப்மென்ட் பேக்கேஜ்கள், கியூஎமுவின் எக்ஸ்86 பேக்கேஜ், பிஸிபாக்ஸ்-ஸ்டாட்டிக் ஆகியவற்றை நிறுவிக்கொள்ளுங்கள். பிஸிபாக்ஸ் பல கட்டளைகளை ஒரே கோப்பில் அடக்கியது. அதில் 'ஸ்டாட்டிக்' பதிப்புதான் வேண்டும். காரணம் படி 2-இல் வரும்.

படி 1: கெர்னலைத் தயார் செய்தல்

மூலக்கோட் அடைவில் 'மேக் டெஃப்கான்ஃபிக்' கொடுங்கள். அடுத்து 'மேக் மெனுகான்ஃபிக்'. மெனு திறந்ததும் சாய்கோட்டு விசையை அழுத்தி 'எல்கேடிடிஎம்' என்று தேடுங்கள். மெனுவின் அமைப்பு பதிப்புக்குப் பதிப்பு மாறுவதால் தேடிப் போவதே எளிது. அது, கெர்னலின் சோதனைத் தகவல்களைக் கோப்புகளாகக் காட்டும் டீபக்எஃப்எஸ்ஸைச் சார்ந்தது. அதனால் முதலில் டீபக்எஃப்எஸ்ஸை இயக்குங்கள். கூடவே 'டீபக்_டபிள்யூஎக்ஸ்' என்ற தேர்வையும் இயக்கிவிடுங்கள்.

எல்கேடிடிஎம்மை மாட்யூலாக (பிறகு ஏற்றும் தனித் துண்டாக) வைக்காமல் கெர்னலுக்குள்ளேயே சேர்த்துவிடுங்கள், அதாவது 'எம்' அல்ல, 'ஒய்'. மாட்யூலாக வைத்தால், படிக்க மட்டும் என்று சோதிக்கப்படும் மாறி அந்த மாட்யூலின் நினைவகத்தில் போய் உட்காரும். அப்போது நீங்கள் சோதிப்பது மாட்யூலின் பாதுகாப்பை, கெர்னலின் பாதுகாப்பை அல்ல. இரண்டையும் சோதிக்கலாம்தான். ஆனால் எதைச் சோதிக்கிறோம் என்று தெரிந்து சோதிக்க வேண்டும்.

பிறகு 'மேக்' கொடுத்து பில்ட் செய்யுங்கள். 'ஆர்ச்/எக்ஸ்86/பூட்' அடைவில் 'பிஇசட்இமேஜ்' என்ற கோப்பு வந்திருக்கும்.

படி 2: சின்ன இனிட்ராம்எஃப்எஸ்

இனிட்ராம்எஃப்எஸ் என்பது பூட் ஆகும்போது கெர்னல் நினைவகத்தில் ஏற்றிக்கொள்ளும் சின்னக் கோப்பு முறைமை. ஒரு காலி அடைவில் 'பின்', ப்ராக், சிஸ், டெவ் என்று நான்கு துணை அடைவுகளை உருவாக்குங்கள். 'பின்' அடைவில் ஸ்டாட்டிக் பிஸிபாக்ஸை நகலெடுத்து, அதே இடத்தில் 'எஸ்ஹெச்' என்ற பெயரில் அதற்கு ஒரு சிம்பாலிக் லிங்க் கொடுங்கள். அடைவின் வேரில் 'இனிட்' என்ற ஷெல் ஸ்கிரிப்ட் வேண்டும். அது பிஸிபாக்ஸின் மற்றக் கட்டளைகளுக்கு லிங்க் போட வேண்டும். ப்ராக், சிஸ்எஃப்எஸ், டெவ்டிஎம்பிஎஃப்எஸ் மூன்றையும் உரிய இடங்களில் மவுன்ட் செய்ய வேண்டும். '/சிஸ்/கெர்னல்/டீபக்' மீது டீபக்எஃப்எஸ்ஸை மவுன்ட் செய்ய வேண்டும். கடைசியில் ஷெல்லைத் தொடங்க வேண்டும். ஸ்கிரிப்டுக்கு இயக்கும் அனுமதி கொடுக்க மறக்காதீர்கள்.

அந்த அடைவுக்குள் நின்றுகொண்டே 'ஃபைண்ட்' தரும் பட்டியலை 'சிபிஐஓ'வுக்குக் கொடுத்து, 'நியூசி' வடிவத்தில் கட்டி, ஜிஜிப் செய்யுங்கள்.

புதிதாகச் செய்பவர்கள் பெரும்பாலும் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான். 'விஎஃப்எஸ்: அனேபிள் டு மவுன்ட் ரூட் எஃப்எஸ்' என்று பேனிக் (கெர்னல் மொத்தமாக நின்றுபோவது) வந்தால், சிபிஐஓ வடிவம் தவறு, அல்லது அடைவுக்கு வெளியே நின்று கட்டியதால் இனிட் கோப்பு ஒரு நிலை உள்ளே போய்விட்டது. இனிட்டை இயக்க முடியவில்லை, பிழை எண் கழித்தல் 2 என்று வந்தால், கோப்பு இருந்தும் அது கேட்கும் ஷெல் அல்லது லைப்ரரி இல்லை என்று பொருள். ஸ்டாட்டிக் அல்லாத பிஸிபாக்ஸைப் போட்டால் இதுதான் நடக்கும்.

படி 3: கியூஎமுவில் பூட் செய்தல்

கெர்னலாக பிஇசட்இமேஜ், இனிட்ஆர்டியாக நீங்கள் கட்டிய கோப்பு, நினைவகம் 512 எம்பி, 'நோகிராஃபிக்', 'நோ-ரீபூட்' ஆகியவற்றைக் கொடுங்கள். கெர்னலின் அப்பெண்ட் வரியில் கன்சோலை முதல் சீரியல் போர்ட்டுக்குத் திருப்பிவிட்டு, 'நோகேஏஎஸ்எல்ஆர்' சேருங்கள். கேஏஎஸ்எல்ஆர் இயங்கினால் ஒவ்வொரு பூட்டிலும் முகவரிகள் மாறும். இரண்டு ஓட்டங்களை ஒப்பிட்டுப் பார்க்க முடியாது.

சிபியு தேர்வில் கவனம் தேவை. எதுவும் கொடுக்காவிட்டால் கியூஎமு தரும் இயல்புநிலை சிபியுவில் எஸ்எம்இபியும் (யூசர் நினைவகத்திலுள்ள கோடைக் கெர்னல் இயக்காமல் தடுப்பது) இல்லை, எஸ்எம்ஏபியும் (யூசர் நினைவகத்தைக் கெர்னல் தொடாமல் தடுப்பது) இல்லை. கெர்னல் சரியாக இருந்தும் சோதனை தோற்கும். நீங்களோ கெர்னலைச் சந்தேகித்துக்கொண்டிருப்பீர்கள். கேவிஎம் (உண்மையான சிபியுவையே மெய்நிகர் கணினிக்குத் தரும் லினக்ஸ் வசதி) இருந்தால் அதை இயக்கி 'சிபியு ஹோஸ்ட்' கொடுங்கள், இல்லையென்றால் 'சிபியு மேக்ஸ்'.

பூட் ஆனதும் '/ப்ராக்/சிபியுஇன்ஃபோ'வின் ஃப்ளாக்ஸ் வரியில் என்எக்ஸ் (டேட்டா பேஜை இயக்க விடாத வசதி), எஸ்எம்இபி, எஸ்எம்ஏபி மூன்றும் இருக்கின்றனவா பாருங்கள். இன்டெலில் எஸ்எம்இபி ஐவி பிரிட்ஜிலும் எஸ்எம்ஏபி பிராட்வெல்லிலும்தான் வந்தன. அதற்கு முந்தைய கணினி என்றால் 'ஹோஸ்ட்' கொடுத்தும் பயனில்லை. பூட் பதிவில் 'டபிள்யூ+எக்ஸ்' என்று தேடினால் டீபக்_டபிள்யூஎக்ஸ் சோதனையின் முடிவும் கிடைக்கும். எழுதவும் இயக்கவும் ஒருசேர அனுமதி உள்ள பேஜ் ஒன்றுகூட இருக்கக் கூடாது.

வெளியேற கன்ட்ரோல்-ஏ, பிறகு எக்ஸ்.

படி 4: முதல் சோதனை

'/சிஸ்/கெர்னல்/டீபக்/ப்ரோவோக்-க்ராஷ்/டைரக்ட்' என்ற கோப்பைப் படித்தால் சோதனைகளின் பட்டியல் வரும். 'டைரக்ட்' முழுவதும் பெரிய எழுத்துகளில் இருக்கும். சோதனைப் பெயர்களும் அப்படியே. ஒரு பெயரை அந்தக் கோப்பில் எழுதினால் அந்தச் சோதனை உடனே ஓடும்.

ஆனால் எக்கோவை நேராக அந்தக் கோப்புக்குத் திருப்பாதீர்கள். எக்கோ ஷெல்லின் உள்கட்டளை. அதனால் கோப்பில் எழுதுவது ஷெல்லேதான். தவறு பிடிபட்டதும் கெர்னல் கொல்வதும் அந்த ஷெல்லைத்தான். நம் இனிட்ராம்எஃப்எஸ்ஸில் ஷெல் செத்தால் இனிட்டும் முடிந்துவிடும், 'அட்டெம்ப்டட் டு கில் இனிட்' என்று மொத்தமும் பேனிக் ஆகும். எக்கோவின் வெளியீட்டை பைப் வழியாக 'கேட்'டுக்குக் கொடுத்து, கேட்டின் வெளியீட்டை டைரக்ட் கோப்புக்குத் திருப்புங்கள். சாவது கேட், ஷெல் தப்பிக்கும்.

முதலில் 'ரைட்_ஆர்ஓ'. இது கெர்னலின் படிக்க-மட்டும் பகுதியில் உள்ள ஒரு மாறியில் எழுதப் பார்க்கும். திரையில் 'அட்டெம்ப்டிங் பேட் ரோடேட்டா ரைட் அட்' என்று ஒரு முகவரியும், அதன் கீழே பேஜ் ஃபால்ட் (நினைவக அணுகல் தோற்றது) பற்றிய நீண்ட ஊப்ஸும் (கெர்னலின் பிழை அறிக்கையும்) வரும்.

ஊப்ஸ் வந்தாலே வெற்றி என்று எடுத்துக்கொள்வது அவசரம். மூன்றைச் சரிபார்க்க வேண்டும். சோதனை அறிவித்த முகவரியும் ஃபால்ட் ஆன முகவரியும் ஒன்றா? 'ஃபெயில்: சர்வைவ்ட் பேட் ரைட்' என்ற வரி எங்கேயும் இல்லையா? மூன்றாவது, இருப்பதிலேயே முக்கியமானது: பிழைக்குறி என்ன?

படி 5: பிழைக்குறியைப் படித்தல்

எக்ஸ்86 சிபியு ஒவ்வொரு பேஜ் ஃபால்ட்டிலும் ஓர் எண்ணைத் தருகிறது. அதன் பிட்களில் நமக்கு நான்கு போதும். பிட் 0 ஒன்றாக இருந்தால், பேஜ் இருக்கிறது, அனுமதிதான் மறுக்கப்பட்டது. பூஜ்யமாக இருந்தால் அங்கே பேஜே இல்லை. பிட் 1 எழுதும் முயற்சி. பிட் 2 யூசர் நிலையிலிருந்து வந்தது. பிட் 4 இயக்கும் முயற்சி.

ரைட்_ஆர்ஓவுக்கு 3 வர வேண்டும்: பேஜ் இருக்கிறது, எழுத முயன்றது, தடுக்கப்பட்டது. 2 வந்தால் அந்த முகவரியில் பேஜே இல்லை, பாதுகாப்பு எதையும் தடுக்கவில்லை. இரண்டு ஊப்ஸும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும்.

'எக்ஸெக்_டேட்டா', 'எக்ஸெக்_ஸ்டேக்' இரண்டும் ஒன்றும் செய்யாத சிறு ஃபங்ஷனை டேட்டா பகுதிக்கும் ஸ்டேக்குக்கும் நகலெடுத்து அங்கிருந்து இயக்கப் பார்க்கும். பிழைக்குறி பதினறும எண்ணில் 11, அதாவது பிட் 4-உம் பிட் 0-உம். என்எக்ஸ் பாதுகாப்புள்ள பேஜை இயக்க முயன்றதாகக் கெர்னல் ஒரு வரியும் எழுதும். 'ஆக்ஸஸ்_யூசர்ஸ்பேஸ்' யூசர் நினைவகத்தைக் கெர்னலிலிருந்து நேராகப் படிக்கும், எஸ்எம்ஏபி தடுத்தால் பிழைக்குறி 1.

'ஸ்டேக்_கார்டு_பேஜ்_லீடிங்' மட்டும் விதிவிலக்கு. கார்டு பேஜ் என்பதே காலியாக விடப்பட்ட இடம். ஆகவே அங்கே பிட் 0 பூஜ்யமாக வருவதுதான் சரி.

ஒவ்வொரு சோதனைக்கும் புதிதாக பூட் செய்யுங்கள். ஊப்ஸில் செத்த டாஸ்க் ஏதாவது லாக்கைப் பிடித்தபடியே போயிருக்கலாம். அதன்பின் வரும் முடிவுகளை நம்ப முடியாது. இவ்வளவு சின்ன மெய்நிகர் கணினியை மறுபடி பூட் செய்ய அதிக நேரம் பிடிக்காது.

படி 6: பூட்டைத் திறந்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள்

இந்தப் படியைப் பலர் தவிர்த்துவிடுகிறார்கள். பாதுகாப்பை அணைத்தபின் அதே சோதனை தோற்பதைக் காணாதவரை, முன்பு அது தேறியதற்கு மதிப்பில்லை.

கெர்னலின் அப்பெண்ட் வரியில் 'ரோடேட்டா=ஆஃப்' சேர்த்து பூட் செய்யுங்கள். நினைவகப் பாதுகாப்பு அணைக்கப்பட்டதாக பூட் பதிவில் ஒரு வரி வரும். இப்போது ரைட்_ஆர்ஓவை ஓட்டினால் ஊப்ஸ் இருக்காது, 'ஃபெயில்: சர்வைவ்ட் பேட் ரைட்' வர வேண்டும். அப்போதும் ஊப்ஸே வந்தால், உங்கள் சோதனை வேறெதையோ அளந்துகொண்டிருக்கிறது.

எஸ்எம்ஏபிக்கு கியூஎமுவின் சிபியு தேர்விலேயே 'ஹோஸ்ட்' என்பதை அடுத்து காற்புள்ளி, கழித்தல் குறி, எஸ்எம்ஏபி என்று கொடுங்கள். ஒரு மாட்யூல் எழுதி, எஸ்எம்ஏபியை இயக்கும் சிஆர்4 ரிஜிஸ்டரின் 21-ஆம் பிட்டை அணைத்தால் போதாதா என்று தோன்றலாம். லினக்ஸ் 5.3 முதல் அந்த பிட்கள் மாறாதபடி பொருத்தப்பட்டிருக்கின்றன. கெர்னலின் வழக்கமான ஃபங்ஷன் வழியே அணைத்தால், அது எச்சரிக்கை எழுதிவிட்டு பிட்டை மறுபடி ஏற்றிவிடும். மெய்நிகர் சிபியுவிலிருந்தே வசதியை எடுத்துவிடுவதுதான் சுத்தமான வழி.

எஸ்எம்இபியில் ஒரு கண்ணி இருக்கிறது. கழித்தல் எஸ்எம்இபி கொடுத்து பூட் செய்து 'எக்ஸெக்_யூசர்ஸ்பேஸ்' ஓட்டினாலும் ஊப்ஸ் வரலாம். மெல்ட்டவுன் என்ற பாதுகாப்புக் குறை உள்ள இன்டெல் சிபியுவில் கெர்னல் பிடிஐயை (யூசருக்கும் கெர்னலுக்கும் பேஜ் டேபிள்களைப் பிரித்து வைக்கும் தடுப்பை) இயக்கியிருக்கும். பிடிஐ, கெர்னல் பயன்படுத்தும் பேஜ் டேபிளில் யூசர் பகுதி முழுவதற்கும் என்எக்ஸ் பிட்டைப் போட்டுவிடுகிறது. எஸ்எம்இபி இல்லாவிட்டாலும் அது தடுத்துவிடும். ஊப்ஸின் வரியைப் பார்த்தால் வேறுபாடு தெரியும்: எஸ்எம்இபி தடுத்தால் அந்தப் பெயரே வரியில் இருக்கும், புதிய கெர்னல்களில் பிடிஐ தடுத்தால் என்எக்ஸ் என்றிருக்கும். எஸ்எம்இபியை மட்டும் தனியாகச் சோதிக்க 'நோபிடிஐ'யும் சேருங்கள்.

படி 7: தானாக ஓடும்படி செய்தல்

கைச்சோதனை பழகியபின் மூலக்கோடில் 'டூல்ஸ்/டெஸ்டிங்/செல்ஃப்டெஸ்ட்ஸ்/எல்கேடிடிஎம்' அடைவைப் பாருங்கள். அங்குள்ள 'டெஸ்ட்ஸ்' உரைக்கோப்பில் சோதனைகளின் பட்டியலும், பலவற்றுக்கு எதிர்பார்க்கப்படும் செய்தியும் இருக்கின்றன. பவுண்ட் குறியில் தொடங்கும் வரிகள் கணினியையே நிறுத்திவிடக்கூடியவை என்பதுபோன்ற காரணங்களால் தவிர்க்கப்படுபவை. இவற்றின் ஸ்கிரிப்டுகளுக்கு பிஸிபாக்ஸைவிடச் சற்றுப் பெரிய ரூட் ஃபைல்சிஸ்டம் இருந்தால் தொல்லை குறைவு. 'பேனிக்_ஆன்_ஊப்ஸ்' அணைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். அது இயங்கினால் முதல் சோதனையிலேயே கணினி நின்றுவிடும்.

இந்தத் தொகுப்பு செய்தியைத்தான் ஒப்பிடுகிறது, பிழைக்குறியை அல்ல. புதிய கெர்னல் பதிப்புக்கோ புதிய சிபியுவுக்கோ மாறும்போது, தானியங்கி முடிவு பச்சையாக இருந்தாலும், ரைட்_ஆர்ஓ, எக்ஸெக்_டேட்டா, ஆக்ஸஸ்_யூசர்ஸ்பேஸ் மூன்றையும் ஒருமுறை கையால் ஓட்டி 3, 11, 1 வருகிறதா என்று பார்த்துவிடுங்கள்.